வண்டிக்கு எப்போது கண்டம்?

ஜாதகத்தில் கண்டம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஜலகண்டம் உள்ள பிள்ளையைக் குளத்துப் பக்கம் விடமாட்டார்கள். அக்கினி கண்டம் உள்ளவனுக்குத் தீபாவளியன்று ஒரு மத்தாப்போடு சரி. சர்க்கார் காரியாலயங்களிலும் ஒரு கண்டம் உண்டு. அது மனிதர்களுக்கு அல்ல, வண்டிகளுக்கு. ‘கண்டம் செய்யப்பட்ட லாரி’, ‘கண்டம் பண்ண வேண்டிய ஜீப்’ என்று ஆபீஸ் பாஷையில் சொல்வார்கள். ஏதோ ஓர் இங்கிலீஷ் வார்த்தை நம்மவர் நாவில் புரண்டு புரண்டு, கடைசியில் ஜோசியர் வீட்டுச் சொல்லோடு சம்பந்தம் செய்து கொண்டுவிட்டது. இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று அதிகாரிகள் கையெழுத்திட்டு ஏலத்துக்கு அனுப்புவதுதான் இந்தக் கண்டம்.

ஜோசியராவது எந்த வயதில் கண்டம் என்று சொல்லிவிடுகிறார். குப்பை லாரிக்கும், தண்ணீர் மோட்டாருக்கும், சாக்கடை யந்திரத்துக்கும் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகவும் சொற்பம். இதெல்லாம் ஒரு விஷயமா, இதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். காலை ஏழு மணிக்கு வர வேண்டிய குப்பை வண்டி மூன்று நாள் வராமல் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் வசிப்பது கோவிலம்பாக்கத்தில். கீழ்க்கட்டளையைத் தாண்டி மேடவாக்கத்துக்குப் போகிற வழியில், பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் இருநூறடிச் சாலையை ஒட்டி இருக்கிறது. இதன் பூகோள நிலைமை சற்று வேடிக்கையானது. 2011-இல் சென்னை மாநகராட்சி தன் எல்லையை விஸ்தரித்துக் கொண்டபோது பக்கத்து மடிப்பாக்கம் அதற்குள் போயிற்று. 2021-இல் ஐந்து முனிசிபாலிடிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை உண்டாக்கியபோது மறுபக்கத்துக் கீழ்க்கட்டளை அதற்குள் போயிற்று. இரண்டு தடவையும் கோவிலம்பாக்கம் பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளியைப் போல நின்று, புனித தோமையார் மலை ஒன்றியத்து ஊராட்சியாகவே இருந்தது. ஜனநெருக்கம் பட்டணத்துடையது. பணப்பையோ கிராமத்துடையது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வண்டியை வாங்குவதும் விடுவதும் சின்ன விஷயம் அல்ல.

தாம்பரத்தில் பத்து ஸ்தாபனங்கள் ஒன்றானபோது பத்து ஸ்தாபனங்களின் வண்டிகளும் ஒரே குடும்பத்துச் சொத்தாயின. புகுந்த வீட்டுக்கு மருமகள்மார் கொண்டு வந்த பாத்திரங்களைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருத்தியின் குடத்தில் நசுங்கல், இன்னொருத்தியின் அண்டா பெயர் வெட்டியது கூட அழியாதது. எதை அடுப்பில் ஏற்றலாம், எதைப் பாத்திரக் கடையில் போட்டு மாற்றலாம் என்று மாமியார் ஒருத்தி உட்கார்ந்து பார்த்தால்தான் சமையல் நடக்கும். நம் பாட்டிமார்களுக்கு இந்த வித்தை கைவந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் போனால் பூசிக் கொள்வார்கள். அம்மி வழவழத்துப் போனால் கொத்துகிறவனைக் கூப்பிடுவார்கள். அடி தேய்ந்து ஊசித் துளை விழுந்த பாத்திரத்துக்கு ஒரு தடவை பற்று வைப்பார்கள். இரண்டாம் தடவை துளை விழுந்தால் பேச்சே இல்லை, பழைய பாத்திர விலைக்குப் போய்விடும். இந்த இரண்டாம் துளைதான் முனிசிபாலிடிகளின் கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை.

மத்திய சர்க்கார் இதற்கு ஒரு விதியைச் செய்திருக்கிறது. 2023 ஜனவரியில் வெளியிட்டு அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். மத்திய சர்க்கார், மாகாண சர்க்கார், உள்ளாட்சி ஸ்தாபனங்கள், சர்க்கார் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் வண்டி எதுவானாலும், முதல் பதிவு நடந்து பதினைந்து வருஷம் முடிந்தால் அதன் பதிவு காலாவதியாகிவிடும். ராணுவத்துக்கும், சட்டம் ஒழுங்குக்கும், உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் உரிய விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. புகையைக் கக்கிக் கொண்டு முப்பது வருஷம் ஓடிய லாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த விதியை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இது வேலி. பயிர் அல்ல. வேலி போட்டாயிற்று என்று வயலுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும்?

பதினைந்து வருஷம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. வண்டிக்கு உழைப்புக் கணக்கு வேறு. அதிகாரி ஒருவரை வாரத்துக்கு இரண்டு தடவை ஆபீஸுக்கும் ஆய்வுக்கும் கொண்டு போகிற ஜீப்புக்கும், ஈரக் குப்பையிலிருந்து வடியும் புளித்த நீர் இரவும் பகலும் தகட்டை அரிக்க, நூறு இடத்தில் நின்று நின்று கிளம்புகிற லாரிக்கும் ஒரே ஆயுளா? ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் மிராசுதார், ஒருவன் கல்லுடைக்கிறவன் என்றால் இருவர் முதுகும் ஒன்றாகவா வளையும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கென்றால் பயப்பட வேண்டாம், பால் கணக்கு மாதிரிதான். தொகைகள் நான் சௌகரியத்துக்காக வைத்துக் கொண்டவை. ஒரு லாரியின் விலை 12 லட்சம். முதல் வருஷம் ரிப்பேருக்கு 20 ஆயிரம் ரூபாய். அப்புறம் வருஷத்துக்கு 20 ஆயிரம் கூடிக் கொண்டே போகிறது: இரண்டாம் வருஷம் 40, மூன்றாம் வருஷம் 60, இப்படி. பழைய இரும்பின் விலையையும் வட்டியையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஐந்தே வருஷத்தில் வண்டியை விட்டுவிட்டால், விலையும் ரிப்பேருமாகச் சராசரி வருஷத்துக்கு 3 லட்சம் ஆகிறது. எட்டு வருஷம் வைத்திருந்தால் 2 லட்சத்து 40 ஆயிரம். பத்து வருஷத்தில் 2 லட்சத்து 30 ஆயிரம். பன்னிரண்டிலும் அதே 2 லட்சத்து 30 ஆயிரம். பதினைந்தில் மறுபடி 2 லட்சத்து 40 ஆயிரம். இருபதுக்கு இழுத்தால் 2 லட்சத்து 70 ஆயிரம்.

செலவு கிண்ணம் போல இறங்கி, அடியில் சற்றுத் தட்டையாகப் படுத்து, பிறகு ஏறுகிறது, பாருங்கள். தட்டையான இடத்தில் ஒரு வருஷம் முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகிப் போகாது. ஆகவே, ‘இந்த மார்ச்சுக்குள் மாற்றாவிட்டால் சர்வ நாசம்’ என்று கூவுகிறவர் பேச்சையும் நம்ப வேண்டாம். அவருக்கு லாரிக் கம்பெனியில் மைத்துனன் இருக்கலாம்.

இப்போது அதே விலை லாரியைக் குப்பைக்கு அனுப்புவோம். துருவும் மேடுபள்ளமும் சேர்ந்து ரிப்பேர் வருஷத்துக்கு 20 ஆயிரத்துக்குப் பதில் 40 ஆயிரமாக ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். கிண்ணத்தின் அடி எட்டாம் வருஷத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அப்போது சராசரிச் செலவு 3 லட்சத்து 30 ஆயிரம். பதினைந்து வருஷம் வரை வைத்திருந்தால் 4 லட்சம். வித்தியாசம் வருஷத்துக்கு 70 ஆயிரம். பதினைந்து வருஷத்துக்கும் கூட்டினால் பத்தரை லட்சம். கிட்டத்தட்ட இன்னொரு லாரி! வாங்காமல் மிச்சம் பிடித்தோம் என்று மார்தட்டிக் கொண்டிருக்கும்போதே ஒரு லாரியின் விலை ஆணியாகவும் போல்ட்டாகவும் வெல்டிங் பொறியாகவும் பறந்து போயிருக்கிறது.

இந்தக் கணக்கு எனக்கு முதலில் புஸ்தகத்தில் கிடைத்ததல்ல. என் பெரியப்பா தெற்கே ஒரு முனிசிபாலிடியின் பட்டறையில் பிட்டராக இருந்தார். கோடை விடுமுறைக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அவருடைய சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்கார வைத்துப் பட்டறைக்கு அழைத்துப் போவார். அங்கே ‘மூன்றாம் நம்பர்’ என்று ஒரு குப்பை லாரி இருந்தது. அதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது. அதாவது இருந்தது, வேலை செய்யாது. ஆகவே அதை எப்போதும் சரிவான இடத்திலேயே நிறுத்துவார்கள். பிரேக்கை விட்டால் உருண்டு, உருண்ட வேகத்தில் கியரைப் போட்டால், ஒரு உறுமல் உறுமிக் கிளம்பும்.

“சரிவே இல்லாத தெருவில் என்ன செய்வார்கள், பெரியப்பா?” என்று கேட்டேன்.

“அங்கே போக மாட்டார்கள், தம்பி” என்றார் அவர், வெற்றிலையை ஒதுக்கிக் கொண்டு.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், அந்த ஊரில் எந்தத் தெருவில் குப்பை அள்ளுவது என்பதை நிர்ணயித்தது குப்பையும் அல்ல, ஜனங்களும் அல்ல, கவுன்ஸிலர்களும் அல்ல. மூன்றாம் நம்பரின் ஸ்டார்ட்டர். மேட்டுத் தெருக்காரர்கள் தங்களைச் சுத்தமானவர்கள் என்றும், பள்ளத் தெருக்காரர்கள் அசுத்தமானவர்கள் என்றும் வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவிடம் காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புஸ்தகம் உண்டு. ஆபீஸ் லாக் புஸ்தகம் வேறு. இது அவருடைய சொந்தம். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கம் ஒதுக்கி, எந்தத் தேதியில் எது உடைந்தது, மாற்றச் செலவென்ன, எத்தனை நாள் வண்டி பட்டறையில் கிடந்தது என்று பென்சிலால் எழுதியிருப்பார். மூன்றாம் நம்பருக்கு இரண்டு பக்கம் போதாமல் பின்னட்டையிலும் எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான் அந்த லாரியைக் கண்டம் செய்ய வேண்டும் என்று அவர் மேலே எழுதச் செய்தார். காகிதம் போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கண்டத்துக்குக் காகிதம் போய்விட்டால் அந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான ஸ்திதி ஏற்பட்டுவிடுகிறது. செத்த வண்டிக்கு எதற்குச் செலவு என்று ரிப்பேருக்குப் பணம் அனுமதிக்க மாட்டார்கள். உத்தரவு வரவில்லையே என்று புது வண்டியும் வாங்க மாட்டார்கள். குப்பையோ தினமும் விழும். ஆகவே செத்த வண்டி தினமும் ஓடும். திரிசங்கு சுவர்க்கம் என்று புராணத்தில் சொல்லியிருக்கிறதே, அதில் ஒரு லாரியை நிறுத்தி, அதன் பின்னால் நாலு மனிதர்களையும் ஏற்றிவிட்டால் எப்படியோ அப்படி. மூன்றாம் நம்பரின் பின்கதவுக் கொக்கி போயிருந்தது. கம்பியால் கட்டி ஓட்டினார்கள். ஒரு நாள் கம்பி அறுந்து, இரும்புக் கதவு சடாரென்று விழுந்ததில், குப்பை தள்ளிக் கொண்டிருந்த ஒருவருடைய வலது கை விரல்கள் இரண்டு போயின. கொக்கியின் விலை அந்தக் காலத்தில் ஒரு ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் இராது. அன்றிரவு பெரியப்பா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். அதில் செலவு என்ற பத்தி இருந்தது, நாள் என்ற பத்தி இருந்தது. விரலை எந்தப் பத்தியில் எழுதுவது?

மேலே நான் போட்ட பால் கணக்கிலும் அந்தப் பத்தி இல்லைதான். வண்டியின் ஆயுளைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1925-இலேயே ஹெரால்ட் ஹோட்டலிங் என்பவர் யந்திரங்களின் தேய்மானத்தை உயர்ந்த கணிதமாக்கிவிட்டார். எனக்குப் பிடித்தது என்னவோ அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகரக் கதை. அந்த ஊர்ப் பஸ் கம்பெனியில் பராமரிப்புக்குப் பொறுப்பாளராக ஹெரால்ட் ஸர்ச்சர் என்று ஒருவர் இருந்தார். எந்தப் பஸ்ஸின் எஞ்சினை எப்போது கழற்றி மாற்றுவது என்பது அவர் தீர்மானம். ஜான் ரஸ்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் - ‘ரஸ்ட்’ என்றால் இங்கிலீஷில் துரு என்று அர்த்தம், பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள் - ஸர்ச்சர் 1974 முதல் 1985 வரை மாதம் தவறாமல் வைத்திருந்த பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தப் பட்டறை மனிதர் கைப்பழக்கத்தில் செய்த தீர்மானங்கள், பெரிய கணிதத்தால் வரும் விடையோடு ஒத்துப் போகின்றன என்பது அதன் சாரம். கட்டுரையின் தலைப்பிலேயே ஸர்ச்சரின் பெயர் இருக்கிறது. பொருளாதார சாஸ்திரத்தில் ஒரு பஸ் பட்டறை அதிகாரி இப்படி அமரத்வம் அடைந்தது வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கட்டுரையில் கவனிக்க வேண்டியது இது: எஞ்சினை மாற்றினால் ஆகும் செலவு ஒரு தட்டில். மற்றத் தட்டில் வெறும் எண்ணெய்ச் செலவும் ரிப்பேர்ச் செலவும் மட்டும் இல்லை. நடுவழியில் பஸ் நின்றுவிட்டால் பிரயாணிகளுக்கு உண்டாகும் கஷ்டமும், அவர்கள் கம்பெனியின் பேரில் இழக்கும் நம்பிக்கையும் இருக்கின்றன. எந்தப் பில்லிலும் வராத அந்தச் செலவை ஸர்ச்சர் மனத்துக்குள் போட்டுக் கொண்டே தீர்மானித்தார். இன்னொன்று, அவர் பஸ்ஸைக் கடாசவில்லை. எஞ்சினை மட்டும் மாற்றினார்.

மாடிஸனிலிருந்து நேரே கோவிலம்பாக்கம் மாதிரி ஊர்களுக்கு வருகிறேன். இப்போது தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் குப்பை வாங்க வருவது பெரும்பாலும் பாட்டரி வண்டியில். சத்தமில்லை, புகையில்லை, பெண்கள் சுலபமாக ஓட்டிப் போகிறார்கள். தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளி முழங்கால் தேய்ந்த தலைமுறைக்கு இது பெரிய வரப்பிரசாதம். இந்த வண்டியின் இரும்பு உடம்பு பல வருஷம் இருக்கும். அதன் உயிர் பாட்டரியில் இருக்கிறது, பாட்டரிக்கு ஆயுள் குறைவு. நாளடைவில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம் சுருங்கிக் கொண்டே வரும். முதலில் கடைசித் தெரு விட்டுப் போகும். அப்புறம் கடைசி இரண்டு தெரு. ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிடும். குப்பை நிறைந்த வண்டியை இரண்டு பெண்கள் வெயிலில் தள்ளிக் கொண்டு போவார்கள். தள்ளுவண்டியாவது தள்ளுவதற்கென்றே செய்தது. இது தள்ளுவதற்குச் செய்ததல்ல, பாட்டரியின் பாரமும் சேர்ந்து கனக்கும்.

இங்கே மாற்ற வேண்டியது வண்டி அல்ல, பாட்டரி. ஆனால் நம் ஸ்தாபனங்களுக்கு இரண்டு பைகள். புதிதாக வாங்குவதற்குத் திட்டத்திலிருந்தும் மானியத்திலிருந்தும் பணம் வரும். கொடியசைத்துத் துவக்கி வைப்பார்கள், பத்திரிகையில் படம் வரும். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக் கமிஷன் கிராம உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்தது. வாங்கிய வண்டிக்கு மூன்றாம் வருஷம் பாட்டரி வாங்குவதற்குப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. அந்தச் செலவு சொந்த வரவிலிருந்து, மின்சாரக் கட்டணத்தோடும் தெரு விளக்கோடும் போட்டி போட்டுக் கொண்டு வர வேண்டும். கல்யாணத்துக்குக் கடன் கொடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள், அடுத்த மாத அரிசிக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்கிற நிலைமைதான். இதனால் இரண்டு அனர்த்தங்கள் விளைகின்றன. சொற்பச் செலவில் பிழைக்கக் கூடிய வண்டி ஷெட்டில் கிடந்து முருங்கை மரத்துக்குப் பந்தல் காலாகிறது. கண்டமாக வேண்டிய லாரி, வாங்கும் பை திறக்கிற வரையில் கம்பிக் கட்டோடு ஓடுகிறது. அறிவீனத்தால் அல்ல. இரண்டு பையையும் சேர்த்துப் பார்க்கிற கண் இல்லாததால்.

ஆயுத பூஜையன்று இந்த வண்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்தான். அன்றைக்கே ஒவ்வொரு வண்டியின் பக்கத்தையும் திறந்து, போன வருஷம் ரிப்பேருக்கு என்ன ஆயிற்று, எத்தனை நாள் படுத்திருந்தது என்று வாய்விட்டு ஒரு தடவை வாசித்துவிட்டால் ஸரஸ்வதிக்கும் பூஜை செய்ததாகும்.

இந்தக் கணக்குக்கே உட்படாத யந்திரங்களும் உண்டு. சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்யும் யந்திரங்கள். குப்பை லாரி நின்றால் குப்பை தேங்கும். இந்த யந்திரம் நின்றால், ‘ஐந்தே நிமிஷம், இறங்கி ஒரு குத்துக் குத்திவிடு’ என்று ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்ல யாராவது ஒருவருக்கு நாக்கு எழும். மனிதர்களை அவ்விதம் ஈடுபடுத்துவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் விஷவாயுவில் மாண்டவர்கள் செய்தி நின்றபாடில்லை. இந்த யந்திரத்தைக் கிண்ணத்தின் அடி வரும் வரையில் வைத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அடி வருவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே மாற்றினாலும் விரயம் இல்லை. ஒன்று பட்டறைக்குப் போனால் நிற்க இன்னொன்று வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றைப் பொதுவில் வைத்துக் கொண்டாலும் சரி. கணக்குப் பார்க்கிறவர் அது சும்மா நிற்கிறதே என்பார். சும்மா நிற்பதுதான் அதன் வேலை.

ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூட்டுகிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் அங்கே எழுந்திருப்பவர்கள், ‘எங்கள் தெருவுக்குப் புது வண்டி வேண்டும்’ என்று கேட்பார்கள். புது வண்டி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நான் கேட்க உத்தேசித்திருப்பது வேறு. ஒவ்வொரு வண்டியும் போன மாதம் எத்தனை நாள் ஓடவில்லை. ரிப்பேருக்குப் போன வருஷம் என்ன, இந்த வருஷம் என்ன. கண்டத்துக்கு எழுதிய வண்டி ஏதாவது இன்னும் தெருவில் ஓடுகிறதா, ஓடினால் அதன் கதவும் பிரேக்கும் எப்படி இருக்கின்றன. இப்போது வாங்கும் வண்டிக்கு மூன்று வருஷம் கழித்துப் பாட்டரி மாற்ற எந்தத் தலைப்பில் பணம் எடுத்து வைத்திருக்கிறது. வண்டியை ஓட்டுகிற பெண்களையும் அன்று சபைக்கு அழைத்து, முன் வரிசையில் நாற்காலி போட்டு, முதல் இரண்டு கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்லட்டும். எந்த வண்டி எந்த மேட்டில் திணறுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.